காரைக்குடியில் "உடல் வயது" பார்க்கும் முகாம்: கவனம்

போன மாதம் செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில் இலவச உடல் பரிசோதனை முகாம் நடந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி அம்மாவைக் கூட்டிப்போனார். செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறச் சொல்லியிருக்கிறார்கள். அரை நிமிடத்தில் சீட்டு வந்தது: மெட்டபாலிக் வயது 72. அம்மாவுக்கு 58தான்.

"உள்ள எல்லாம் தேஞ்சு கிடக்கும்மா" என்று பயம் காட்டி 3 டப்பா புரோட்டீன் பவுடரைத் தலையில் கட்டிவிட்டார்கள். 7,500 ரூபாய், அம்மாவின் சிறுவாட்டுப் பணம். அன்று இரவு முழுக்க அம்மா தூங்கவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

15 நாள் கழித்து மறுபடி ஏற்றினார்கள். இந்தமுறை 63. "பாருங்க, 9 வயசு குறைஞ்சிருச்சு, இன்னும் 3 டப்பா எடுத்துக்குங்க!"

இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எடையில் 200 கிராம்தான் வித்தியாசம். ஆனால் உயரம் முதல் சீட்டில் 148, இரண்டாவதில் 156. சுவரோரம் நிற்கவைத்து அளந்தேன், 156தான்.

அந்த மெஷின் வயதை அளப்பதில்லை. பாதம் வழியாக மிகச் சிறிய மின்சாரம் விடும். நீர்ச்சத்துள்ள தசையில் அது எளிதாகப் போகும், கொழுப்பில் தடைபடும். அதோடு நாம் சொல்லும் உயரம், வயதையும் சேர்த்து, சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எவ்வளவு கலோரி செலவழிக்கும் என்று ஒரு கணக்குப் போடும். அது எந்த வயதுக்காரர்களின் சராசரியோடு ஒத்துப்போகிறதோ, அதுதான் மெட்டபாலிக் வயது. அந்தச் சராசரியும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்தக் கலோரியைக் கணக்கிட 1990இல் வந்த மிஃப்லின் சூத்திரத்தில் உயரம் ஒரு சென்டிமீட்டருக்கு 6.25 கலோரி கூடும், வயது ஒன்றுக்கு 5 கலோரி குறையும். அப்படிப் பார்த்தால் 8 சென்டிமீட்டர் பிசகினாலே 10 வயது! அம்மாவின் 9 வயது எப்படிக் குறைந்தது என்று புரிந்துவிட்டது.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறவே கூடாது. அங்கே யாரும் அதைக் கேட்கவே இல்லையாம்.

சரி, சீல் உடைக்காத 2 டப்பாவையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று போய்க் கேட்டேன். "பில் இருக்கா?" என்றார்கள். அவர்கள் பில்லே தரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் அம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை இல்லை, பிரஷர் கூடுதல், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். 72 வயது என்று பயமுறுத்தியவர்கள் பிரஷரைப் பார்க்கவே இல்லை.

அடுத்த முகாம் தேவகோட்டையில் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து யாராவது போயிருந்தால், சீட்டை வாங்கி முதலில் உயரத்தைப் பாருங்கள்.