பழைய நகலைத் திரும்பக் கேட்கும் மென்பொருள்: 14 மாத அனுபவம்

எங்கள் உணவுத் தொழிற்சாலையில், உணவில் கலந்த உலோகத்தைப் பிடிக்கும் மெட்டல் டிடெக்டரைச் சோதிக்க வைத்திருந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டின் அளவை 3.0 மில்லிமீட்டரிலிருந்து 2.5-க்கு மாற்றினோம். எஸ்ஓபியை, அதாவது வேலை செய்யும் முறையை எழுதிய ஆவணத்தை, திருத்தி, ரிவிஷன் 4 என்று போட்டு, கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்தாயிற்று. ஆனால் பேக்கிங் லைன் டிராயரில் ரிவிஷன் 3 லாக் ஷீட் ஒரு கட்டு ஜெராக்ஸ் எடுத்து அடுக்கியிருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. 11 நாள் அதில்தான் எழுதியிருக்கிறார்கள். மணிக்கு ஒரு சோதனை, ஒவ்வொரு வரியிலும் "3.0, சரி". ஆடிட்டர் ஒரே ஒரு தாளை உருவி, அடியில் இருந்த ரிவிஷன் எண்ணில் விரலை வைத்தார். மெஷின் 2.5-ஐயும் பிடித்திருக்கும் என்றுதான் நம்பினோம். பிடித்தது என்று காட்ட ஒரு தாள்கூட இல்லை. கிடங்கில் மிச்சமிருந்த சரக்கு முழுவதையும் மறுபடி ஓட்டினோம்.

அதற்கப்புறம் வாங்கியதுதான் இந்த ஆவணக் கட்டுப்பாட்டு மென்பொருள். தரப் பிரிவில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்வது நான். 14 மாதமாகத் தினமும் இதோடுதான் வேலை.

முதலில், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இதிலிருந்து எதை அச்செடுத்தாலும் அடியில் ஆவண எண், ரிவிஷன், நடைமுறைக்கு வரும் தேதி, நகல் எண், எந்த இடத்துக்குப் போகிறது என்பதெல்லாம் தானாக விழும். நகல் எண் இல்லாமல் எடுத்தால் தாளின் குறுக்கே "கட்டுப்பாடற்ற நகல்" என்று சாய்வாக வரும். புது ரிவிஷன் வெளியானதும், பழைய நகல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியல் என் திரையில் சிவப்பாக நிற்கும். நகல் 3 பேக்கிங் லைன், நகல் 4 குளிர் அறை, நகல் 5 ஆய்வகம். ஒவ்வொன்றையும் கையில் வாங்கிக் கிழித்து, "அழிக்கப்பட்டது" என்று பதியும்வரை அந்தச் சிவப்பு போகாது, மாற்றக் கோரிக்கையையும் மூட முடியாது. புது நகலைக் கொடுக்க எல்லா மென்பொருளுக்கும் தெரியும். பழையதைத் திரும்பக் கேட்பதை இதில்தான் பார்த்தேன். ஜெராக்ஸ் மெஷினை எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது என்பது உண்மைதான். அதற்கு நகல் எண்ணைச் சிவப்பு மையில் அச்சிடுகிறோம். கறுப்பாக இருந்தால் அது ஜெராக்ஸ் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும்.

ஒப்புதல் தேதியும் நடைமுறைத் தேதியும் தனித்தனியாக இருப்பதும் நல்லது. இரண்டுக்கும் நடுவே 5 நாள் விடுகிறேன், பயிற்சிக்கு. பயிற்சி முடியாதவர்களின் பெயர் தனியாகத் தெரியும். ஆனால் "படித்தேன், புரிந்துகொண்டேன்" பொத்தானை மட்டும் நம்பவேண்டாம். 12 பக்க ஆவணத்தை 40 விநாடியில் படித்து முடித்தவர்கள் உண்டு. நேரில் செய்துகாட்டச் சொல்லித்தான் நான் பயிற்சியை மூடுகிறேன்.

தொடர்புடைய ஆவணங்களை இணைத்துவைக்கும் வசதியும் எங்களைக் காப்பாற்றியது. ஒரு மூலப்பொருளின் புது விவரக்குறிப்பில் சோயா லெசித்தின் சேர்ந்திருந்தது. அதைப் பதிவேற்றியதுமே அபாயப் பகுப்பாய்வு, ஒவ்வாமைப் பொருள் பட்டியல், லேபிள், லைன் சுத்தம் செய்யும் முறை நான்கையும் மறுபரிசீலனை செய்யச் சொல்லி எழுப்பியது. இணைப்புகளை உட்கார்ந்து கையால் போட எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த ஒரு நாளுக்கே அது தகும்.

இனி குறைகள். இரண்டு ரிவிஷன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வசதி வாக்கியங்களில் அழகாக வேலை செய்கிறது. அட்டவணைக்குள் ஒரு எண் மாறினால் முழு அட்டவணையையும் மஞ்சளாக்கிவிடுகிறது. எச்ஏசிசிபி, அதாவது உணவு அபாயங்களைக் கட்டுப்படுத்தும் திட்டமே பாதிக்குமேல் அட்டவணைதானே! வெப்பநிலை வரம்பு 72-லிருந்து 75 ஆனதை ஒப்புதல் கொடுப்பவர் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டியிருக்கிறது.

மாற்றக் காரணம் எழுதும் கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடியாது, சரி. ஆனால் "புதுப்பிக்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லையும் அது ஏற்றுக்கொள்கிறது. இரண்டு வருடம் கழித்து ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது? என்ன மாறியது, ஏன், எந்தச் சரிபார்ப்பை வைத்து என்று மூன்று கட்டமாகப் பிரித்திருக்கலாம். நான் அப்படி எழுதாத கோரிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

பதிவுகளைப் பாதுகாக்கும் காலத்தை முழு வருடங்களாக மட்டுமே அமைக்க முடிகிறது. பிஆர்சிஜிஎஸ் என்ற உணவுப் பாதுகாப்புத் தரநிலை குறைந்தது பொருளின் ஆயுளோடு 12 மாதம் கேட்கிறது. எங்கள் பொருளுக்கு ஆயுள் 18 மாதம், ஆக 30 மாதம். வேறு வழியில்லாமல் 3 வருடம் என்று போட்டிருக்கிறேன்.

பெரிய குறை மின்னணுப் பதிவுகளில். காகிதத்தில் தவறாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் வைப்போம். அடித்த எண் அடியில் தெரியும். இதில் சமர்ப்பித்த படிவத்தை நிர்வாகி திருத்தினால் புது எண் மட்டும்தான் பிடிஎப்பில் வருகிறது. பழைய எண் வேறொரு திரையில், வரலாற்றில் ஒளிந்திருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 22000 தரநிலையின் 2018 பதிப்பு ஆவணம், பதிவு இரண்டையும் "ஆவணப்படுத்திய தகவல்" என்ற ஒரே பெயரில் சேர்த்தது. அதற்காக இரண்டையும் ஒரே மாதிரி நடத்தலாம் என்று ஆகிவிடாது. ஆவணத்தைத் திருத்தத்தான் வேண்டும். பதிவு என்பது நடந்தது நடந்தபடி இருக்கவேண்டியது. மென்பொருள் செய்தவர்களுக்கு இதை இரண்டு முறை எழுதினேன். மரியாதையாகப் பதில் சொல்கிறார்கள், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்கிறார்கள்.

இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறோம், எஸ்ஓபிகளுக்கும் விவரக்குறிப்புகளுக்கும். சிசிபி (அபாயத்தைத் தடுக்கும் முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி) லாக் ஷீட்டுகள் மட்டும் இன்னும் காகிதத்தில்தான், சிவப்பு நகல் எண்ணோடு. ஷிப்டுக்கு எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குகிறோம்.