லென்ஸா, லேசரா? கண்ணாடியைக் கழற்ற நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கண்ணாடிக்கடையில் கான்டாக்ட் லென்ஸ் கேட்டால் "லென்ஸ்தானே, மாசம் முந்நூறு நானூறுல முடிஞ்சிடுங்க" என்பார்கள். பெங்களூரு ஆஸ்பத்திரியின் லேசர் விளம்பரத்தில் "இரண்டு கண்ணுக்கும் சேர்த்து முப்பதாயிரம் முதல்" என்று இருக்கும். இரண்டுமே பொய்யில்லை, இரண்டுமே முழுக் கணக்கும் இல்லை. அந்த நானூறில், லென்ஸைக் கழுவி ஊறவைக்கும் சொல்யூஷன் சேரவில்லை. அந்த முப்பதாயிரத்துக்குச் செய்கிற முறை உங்கள் கண்ணுக்கு ஒத்துவருமா என்பது ஸ்கேன் எடுக்கும் வரை யாருக்கும் தெரியாது.

என் கட்சி இதுதான்: விலையை ஒப்பிடுவதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். நம் பக்கம் நடப்பது தலைகீழ். ஆறு மாதம் யூடியூப் பார்த்து, சித்தப்பா மகனிடம் விசாரித்து, சீட்டுப் பணம் எடுத்துக்கொண்டு பெங்களூரு போனபிறகு, "உங்களுக்கு லேசர் ஆகாதுங்க" என்று டாக்டர் சொல்கிறார். கருவிழியின் முன்படலமான கார்னியாவை அளக்கிற பரிசோதனைக்குப் பெரும்பாலும் ஓரிரு ஆயிரம் ரூபாய்தான் ஆகும். அந்தத் தாள் கையில் இருந்தால் பாதி வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அதில் என்ன பார்க்கிறார்கள்? முக்கியமாகத் தடிமன். கார்னியா நடுவில் சுமார் 520, 540 மைக்ரான் இருக்கும். அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் கூட. லேசிக் என்ற லேசர் முறையில் முதலில் கார்னியாவின் மேலடுக்கை 110 மைக்ரான் தடிமனுக்கு ஒரு மூடி போலத் திறக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு பவருக்கும் ஏறத்தாழ 14 மைக்ரான் சீவுகிறார்கள். மைனஸ் 4 என்றால் 56 போகும். 520 உள்ளவருக்கு அடியில் 354 மிஞ்சும், கவலையில்லை. மைனஸ் 8 என்றால் 112 போகும், மிச்சம் 298. அதே மைனஸ் 8-க்குக் கார்னியா 470 மட்டுமே என்றால் மிச்சம் 248. மிஞ்ச வேண்டியது குறைந்தது 250, பல டாக்டர்கள் கேட்பது 300. அதற்குக் கீழே போனால் கார்னியா பின்னாளில் முன்பக்கம் பிதுங்க ஆரம்பிக்கலாம். ஆகவே "என் ஃப்ரெண்டுக்குச் செஞ்சாங்களே" என்பது ஒரு வாதமே இல்லை.

தடிமனோடு வடிவத்தையும் பார்ப்பார்கள். சின்ன வயதில் இருந்தே கண் அலர்ஜி இருந்து, அரிக்க அரிக்கத் தேய்த்துப் பழகியவர்களுக்குக் கார்னியா கூம்பு போல மாறும் கெரட்டோகோனஸ் வரலாம். ஆரம்பத்தில் கண்ணாடிக்கடையில் சிலிண்டர் பவர் (கார்னியாவின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இல்லாததற்கான பவர்) கூடிக்கொண்டே போவதாகத்தான் தெரியும். அந்தக் கண்ணில் லேசர் வைத்தால் கேடு. ஒரு நிபந்தனை: ஸ்கேனுக்குப் போகும் முன் சாஃப்ட் லென்ஸை ஒன்றிரண்டு வாரம் கழற்றி வைக்க வேண்டும். லென்ஸ் கார்னியாவைச் சற்றே அமுக்கி வைத்திருக்கும், அளவு தப்பாக வரும். நாள் கணக்கை ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, லென்ஸ் விலைக்கு வருவோம். மலிவு என்று கேட்டால் முதலில் காட்டுவது மாத லென்ஸ். ஆறு லென்ஸ் உள்ள பெட்டி, சாதாரண ஹைட்ரோஜெல் வகையில் ஆயிரத்துக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் நடுவே கிடைக்கும். இரண்டு கண்ணுக்கு வருடத்துக்கு நான்கு பெட்டி, நாலாயிரம் முதல் ஆறாயிரம். பெரிய பாட்டில் சொல்யூஷன் இரண்டு மாதம் வந்தால் நல்லது. அதற்கு மாதம் இருநூறு ரூபாய் வைத்தாலும் வருடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு. மொத்தம் ஆறரை ஆயிரத்தில் இருந்து எட்டரை ஆயிரம். ஆக்ஸிஜன் நன்றாகப் புகும் சிலிகோன் ஹைட்ரோஜெல் எடுத்தால் பதினோராயிரத்தைத் தொடும். ஓசூர் ஏசி ஹாலில் பத்து மணி நேரம் உட்காருகிறவர்கள், எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வருகிறவர்கள் அந்தக் கூடுதல் காசைக் கொடுப்பதுதான் சரி. அங்கே மிச்சம் பிடித்தால் மாலையில் கண் சிவக்கும். சிலிண்டர் பவர் இருந்து டோரிக் லென்ஸ் வேண்டும் என்றால் கணக்கு இன்னும் ஏறும். டோரிக் எல்லா சிலிண்டருக்கும் கிடைப்பதில்லை, 0.75, 1.25, 1.75 என்று தாவித் தாவித்தான் வரும், நடுவில் உள்ளவர்கள் கிட்டத்தட்ட ஒன்றை எடுத்துச் சமாளிக்க வேண்டும்.

மாத லென்ஸில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. திறந்த நாளில் இருந்து ஒரு மாதம்தான் அதன் ஆயுள். "நான் பத்து நாள்தானே போட்டேன், இன்னும் இருபது நாள் மிச்சம்" என்று மூன்று மாதம் இழுக்க முடியாது. டப்பிக்குள் கிடந்தாலும் வயது ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் கல்யாணம், காதுகுத்து, போட்டோ, ஒரு நாள் வெளியூர் என்று எப்போதாவது போடுகிறவர்களுக்கு மாத லென்ஸ் மலிவே இல்லை. ஒருநாள் லென்ஸ் முப்பது உள்ள பெட்டி ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று வரும். ஒரு ஜோடி நூறு முதல் நூற்று முப்பது ரூபாய். மாத லென்ஸும் சொல்யூஷனும் சேர்ந்து மாதம் ஐந்நூற்றைம்பது, எழுநூறு ஆகும்போது, மாதத்தில் ஐந்து நாள் வரை போடுகிறவருக்கு ஒருநாள் லென்ஸே லாபம். சொல்யூஷனும் வேண்டாம், டப்பியும் வேண்டாம், இரவு தூக்கி எறிந்துவிடலாம். ஆனால் தினமும் இதையே போட்டால் வருடத்துக்கு முப்பத்தாறாயிரம் தாண்டும். நம் ஊர்ச் சம்பளத்துக்கு அது கட்டாது. வருட லென்ஸ் என்று ஒன்று விற்கிறார்களே என்பீர்கள். காசு குறைவுதான், ஆனால் ஒரே லென்ஸை வருடம் முழுக்கத் தேய்த்துக் கழுவிச் சுத்தம் காக்கும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கிறது? நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆன்லைனில் வாங்கினால் மலிவு, தாராளமாக வாங்கலாம். கண்ணாடிச் சீட்டில் உள்ள எண்ணை அப்படியே போடாமல் இருந்தால் சரி. கண்ணாடி கண்ணை விட்டு விலகி நிற்கிறது, லென்ஸ் ஒட்டி நிற்கிறது. மைனஸ் 4-க்கு மேல் போனால் எண் மாறும்: கண்ணாடியில் மைனஸ் 5 உள்ளவருக்கு லென்ஸில் 4.75, மைனஸ் 6 உள்ளவருக்கு 5.50. மாற்றாமல் போட்டால் தலைவலி வரும். பழியை லென்ஸ் மேல் போடுவோம். பேஸ் கர்வ் என்கிற வளைவு அளவும் உண்டு. ஆகவே முதல் ஜோடியை நேரில் ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையை அளப்பவர்) பார்த்துப் போட்டுப் பொருத்தட்டும். அந்த அளவுச்சீட்டு கைக்கு வந்தபின் எங்கே மலிவோ அங்கே வாங்குங்கள்.

அழகுநிலையத்தில் கல்யாணப் பெண்ணுக்குப் போட்டுவிடும் கலர் லென்ஸைப் பற்றி ஒரே வரி: யாரோ போட்டதை வாங்கிப் போடாதீர்கள்.

போடும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் இது யாருக்கு ஒத்துவரும் என்று தெரியும். காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டிய பெண். விடியாத நேரம், ஒற்றை பல்பு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நூல் உதிராத துணியில் துடைத்து, லென்ஸை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறாள். விளிம்பு கிண்ணம் போல நேரே நின்றால் சரி. தட்டுப் போல வெளியே விரிந்தால் உள்புறம் வெளியே வந்திருக்கிறது. முந்தின ராத்திரி பச்சை மிளகாய் அரிந்திருந்தால் அந்தக் காரம் சோப்புக்குக் கட்டுப்படாது, லென்ஸோடு கண்ணுக்குள் போகும். இதைத் தினமும், தூக்கக் கலக்கத்திலும், பஸ் ஹார்ன் அடிக்கும்போதும் தவறாமல் செய்ய முடிகிறவருக்கு லென்ஸ் நல்ல தோழன். முடியாதவருக்கு அது ஆபத்து.

காரணம் தண்ணீர். லென்ஸுக்கு ஆகாத பொருள்களில் முதலாவது தண்ணீர்தான். போர் தண்ணீர், ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர், கேன் தண்ணீர், எதிலும் லென்ஸைக் கழுவக் கூடாது, டப்பியையும் கழுவக் கூடாது. தண்ணீரிலும் மண்ணிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் வாழ்கிறது. லென்ஸுக்கு அடியில் சிக்கினால் கார்னியாவைத் தின்னும், வைத்தியம் மாதக்கணக்கில் இழுக்கும், பார்வை முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஒகேனக்கல் போனால் எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், பரிசலில் சாரல் மூன்றும் உண்டு. மூன்றுக்கும் லென்ஸ் ஆகாது. கண்ணாடியைக் கயிறு கட்டி மாட்டிக்கொண்டு போங்கள், அல்லது ஒருநாள் லென்ஸ் போட்டுப் போய், குளிக்கும் முன் கழற்றி எறியுங்கள்.

தூசு இரண்டாவது. கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை, டூ வீலரில் நாற்பது கிலோமீட்டர் என்றால் லென்ஸ் போட்ட கண்ணில் ஒரு துகள் விழுந்தாலும் லென்ஸுக்கும் கார்னியாவுக்கும் நடுவே உரசும். கரும்புச் சோகையோ நெல் தாளோ கண்ணில் கீறிய பின் லென்ஸ் போடவே கூடாது. தென்னிந்தியாவில் பூஞ்சைப் புண் அப்படித்தான் நிறைய வருகிறது. பட்டறைக்காரர்களுக்கும் விவசாய வேலை செய்கிறவர்களுக்கும் தினமும் லென்ஸ் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடியோ, ஸ்கேன் ஒத்துவந்தால் லேசரோதான். லேசர் செய்தாலும் பட்டறையில் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் என்பது வேறு கதை.

இனி லேசர். இந்த வைத்தியத்துக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் நம்மவர்: 1929-இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் 1981-இல், விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியின் மேல் எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றியுள்ள திசு கருகாமல் சுத்தமாகச் சீவியது. உடன் வேலை செய்த இருவரோடு சேர்த்து 2013-இல் ஒபாமா கையால் தேசியப் பதக்கம் வாங்கினார். கண் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் மாட்ட வேண்டிய படம் அவருடையது.

முறைகள் மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம். பழைய பி.ஆர்.கே.: மூடி திறக்காமல் மேல் தோலை நீக்கிச் சீவுவது. மூன்று நான்கு நாள் வலியும் எரிச்சலும் இருக்கும், பார்வை தெளிய வாரங்கள் ஆகும். ஆனால் மூடியே இல்லாததால் கபடி ஆடுகிறவர், போலீஸ், ராணுவம் என்று கண்ணில் அடிபடக்கூடியவர்களுக்கு அது நல்லது. கார்னியா கொஞ்சம் மெலிந்தவர்களுக்கும் சில சமயம் அதுதான் வழி. லேசிக்: மறுநாளே பார்வை வரும், வலி குறைவு, மூடியைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கண் வறட்சி சில மாதம் இருக்கும். ஸ்மைல்: சின்னத் துளை வழியாக உள்ளே இருந்து ஒரு வில்லையை எடுப்பது, மூடி கிடையாது, விலை அதிகம். பி.ஆர்.கே.யும் சாதாரண லேசிக்கும் இரண்டு கண்ணுக்கு முப்பதில் இருந்து ஐம்பதாயிரம், மூடியையும் லேசரிலேயே திறக்கும் லேசிக் அறுபதில் இருந்து தொண்ணூறாயிரம், ஸ்மைல் எண்பதாயிரத்தில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டும். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும்.

எதை எடுப்பது? விற்பவர் எப்போதும் விலை கூடியதைத்தான் முதலில் காட்டுவார். மைனஸ் 3, 4 என்று நடுத்தரப் பவர், தடிமனான கார்னியா, அடிபடாத வேலை என்றால் சாதாரண லேசிக்கே போதும் என்பது என் எண்ணம். பணத்தைவிட விடுப்பு முக்கியம் என்றால் பி.ஆர்.கே. கஷ்டம். கணக்கில் போக்குவரத்தைச் சேருங்கள்: கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூரு தொண்ணூறு கிலோமீட்டர், தர்மபுரியில் இருந்து சேலம் அறுபத்தைந்து. மறுநாள் செக்கப், ஒரு வாரத்தில் செக்கப், ஒரு மாதத்தில் செக்கப், கூட ஒரு ஆள், அவருடைய சம்பள இழப்பு. ஓசூர்க்காரர் பெங்களூரில் செய்துகொள்வதும், பென்னாகரத்துக்காரர் அதே ஆஸ்பத்திரிக்குப் போவதும் ஒரே செலவு இல்லை.

கம்பெனி இன்ஷூரன்ஸ் கொடுக்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பார்வைக் குறை 7.5 பவருக்குக் குறைவாக இருந்தால் கொடுக்க மாட்டார்கள். வழக்கமான பாலிசி விதியே அதுதான். அதற்கு மேல் என்றால் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அவ்வளவு பவருக்குக் கார்னியா பத்தாமல், கண்ணுக்குள் வைக்கும் ஐ.சி.எல். லென்ஸ்தான் வழி என்று சொல்லிவிடுவார்கள். அது லட்சத்தைத் தாண்டும் சமாச்சாரம்.

ரயில்வே தேர்வுக்குப் படிக்கும் தம்பிகள் இதைக் கட்டாயம் படியுங்கள். அசிஸ்டென்ட் லோகோ பைலட் வேலைக்கு லேசிக் செய்தவர்களைத் தகுதியில்லை என்று அறிவிக்கையிலேயே போடுகிறார்கள். "கண்ணாடி இருந்தா எடுக்க மாட்டாங்க, லேசர் பண்ணிட்டுப் போடலாம்" என்று வீட்டில் கடன் வாங்கிச் செய்துவிட்டால் காசும் போச்சு, அந்த வேலையும் போச்சு. மற்ற வேலைகளுக்கு விதி வேறு மாதிரி இருக்கும். எழுதப்போகும் அறிவிக்கையின் மருத்துவப் பகுதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கல்யாணத்துக்கு முன் பெண்ணுக்கு லேசர் செய்துவிடும் அவசரமும் நம் பக்கம் அதிகம். பத்தொன்பது வயதில் பவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் கண்ணில் செய்தால், இரண்டு வருடத்தில் மறுபடி கண்ணாடி வரும். ஒரு வருடமாவது பவர் மாறாமல் நின்றிருக்க வேண்டும். கர்ப்பம், தாய்ப்பால் காலத்திலும் செய்யக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளுக்கு நூற்று முப்பது ரூபாய் ஒருநாள் லென்ஸ் போதாதா? கண்ணாடி போட்டதற்காக வேண்டாம் என்று சொல்லும் வீட்டுக்குப் போவானேன் என்பது என் சொந்தக் கருத்து.

இரவு லாரி, டாக்ஸி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லேசருக்குப் பிறகு சில மாதங்கள், சிலருக்கு அதற்கு மேலும், விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும். தொப்பூர் கணவாயில் எதிரே வரிசையாக ஹெட்லைட் இறங்கி வரும்போது அது விளையாட்டில்லை. இருட்டில் பாப்பா (கண்ணின் நடுவே உள்ள கறுப்பு வட்டம்) மிகப் பெரிதாக விரியும் கண் என்றால் டாக்டரிடம் அதைத் தனியாகக் கேளுங்கள்.

ஐந்து வருடத்துக்குப் பார்த்தால் தினமும் போடும் மாத லென்ஸ் முப்பத்தைந்து, நாற்பதாயிரம். சிலிகோன் என்றால் ஐம்பத்தைந்து, அறுபது. கண்ணாடியும் கூடவே வைத்திருக்க வேண்டும், கண் சிவந்த நாளில் போட. சாதாரண லேசிக் அதே ஐந்து வருடத்தில் போட்ட காசைத் திருப்பி எடுத்துவிடும். ஆகவே தினமும் பத்து மணி நேரம் கண்ணாடி இல்லாமல் இருக்க வேண்டியவர், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயது தாண்டியவர், ஸ்கேன் நன்றாக வந்தவர் லேசர் பக்கம் போகலாம். வாரம் ஒரு நாள் போதும் என்கிறவருக்கு லேசர் வீண்செலவு. முப்பத்தெட்டு வயதில் யோசிக்கிறவர்களுக்கு: நாற்பதைத் தாண்டினால் சாளேசரம் எல்லாருக்கும் வரும், லேசர் செய்தவருக்கும். தூரத்துக்குக் கண்ணாடி போய், படிக்கக் கண்ணாடி வரும்.

செய்துகொண்டவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். அறுவைக்கு முந்தைய பவரும் கார்னியா அளவும் உள்ள அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அறுபது வயதில் கண்புரை வந்து உள்லென்ஸ் வைக்கும்போது, சீவிய கார்னியாவில் எடுத்த அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பவர் தப்பும். பழைய தாள் இருந்தால் டாக்டருக்கு வேலை சுலபம். ஆஸ்பத்திரி முப்பது வருடம் வைத்திருக்கும் என்று நம்பாமல், பத்திரமும் பட்டாவும் இருக்கும் பையிலேயே ஒரு நகல் போட்டுவிடுங்கள்.