புளியங்கொட்டை, பத்திரிகை அட்டை, பேரேடு: வகுப்பறைக் காசுடன் மூன்று வருடம்

2022 ஜூனில் பள்ளி திறந்ததும் என் நாலாம் வகுப்பில், வகுப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஒரு காசு புழங்க ஆரம்பித்தது. மூன்று கல்வியாண்டு ஓடிவிட்டது. காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வரும் ஊர், வகுப்பில் 23 பிள்ளைகள். "நீங்க ஏதோ பேங்க் நடத்துறீங்களாமே, எப்படிப் போகுது?" என்று கேட்கும் ஆசிரியர்களுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

ஏற்பாடு என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் வான்கார்டு என்ற முதலீட்டு நிறுவனம் 'மை கிளாஸ்ரூம் எகானமி' என்று ஒரு பாடத்திட்டத்தை இலவசமாகத் தருகிறது. பிள்ளைக்கு வகுப்பில் ஒரு வேலை, அதற்குச் சம்பளம், உட்காரும் மேசைக்கு வாடகை, மிச்சத்தை வைத்து ஏலத்தில் பொருள் எடுக்கலாம். அதை நம் ஊருக்குத் தோதாக மாற்றிக்கொண்டேன். வாரச் சம்பளம் 10 காசு. பெஞ்சு வாடகை 4. மகமை 1. வியாபாரிகள் வருமானத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்குவார்களே, அதே மகமைதான். எங்களுடையது வகுப்பின் பொது உண்டியலுக்குப் போகும். ஆக மாதம் 20 காசு கையில் நிற்கும். கடைசி வெள்ளிக்கிழமை ஏலம்.

முதல் வருடம் காசுக்குப் பதில் புளியங்கொட்டையை வைத்தேன். செலவில்லை, எண்ணுவதற்கு லேசு, பல்லாங்குழி ஆடிய கைக்குப் பழக்கம். முதல் ஏலத்தில் ஐந்து ரூபாய்ப் பேனா ஒன்றை எடுத்து வைத்து "அஞ்சு கொட்டை, ஒரு தரம்" என்றேன். பத்தில் முடியும் என்று கணக்கு. பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து "நூறு" என்றான். வீட்டில் அப்பத்தா புளி உடைத்து எடுத்து வைத்திருந்த கொட்டையை டிபன் பாக்ஸ் நிறையக் கொண்டுவந்திருந்தான். இன்னொருவன் விடவில்லை, அவன் பையிலும் ஒரு உழக்குக் கொட்டை இருந்தது. பேனா 140 கொட்டைக்குப் போனது. முன் வரிசையில் ஒரு பிள்ளை, வாடகையும் மகமையும் சரியாகக் கட்டி மிச்சம் பிடித்த 20 கொட்டையை உள்ளங்கையில் வைத்து மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள். "லாபம், ரெண்டு, மூணு..." பேனா போனதும் அப்படியே மேசையில் கவிழ்த்துவிட்டு அழுதாள்.

பணவீக்கம் என்றால் என்ன என்று நான் அப்புறம் பாடம் எடுக்கத் தேவைப்படவில்லை. ஆனால் அதற்கு அந்தப் பிள்ளையின் ஒரு மாத உழைப்பு விலையானது. யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்து அள்ளிவரக்கூடிய எதையும் காசாக வைக்காதீர்கள்.

அடுத்து அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் என் கையெழுத்தைப் போட்டு 1, 5, 10 என்று விட்டேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டைப் பையோடு துவைத்துவிடுவார்கள். தொலைப்பார்கள். "என்னோடது அஞ்சு, அவன் எடுத்துட்டான்" என்று பஞ்சாயத்து வரும், சாட்சி இருக்காது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு முழுக்க எண்ணிக் கொடுப்பதிலேயே போகும்.

ஒரு மாணவியின் தாத்தா, நாங்கள் ஐயா என்போம், பேத்தியை அழைத்துப்போக வந்தவர் இந்தக் களேபரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். பெட்டியடிப் பையன் என்றால் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்துகொண்டே கணக்குப் பழகுகிறவன். அதற்கடுத்த படி அடுத்தாள், அதற்கப்புறம் கடையையே நடத்தும் மேலாள். "எதுக்கு இம்புட்டுக் காகிதம் ஆத்தா? எழுதி வச்சா போதாதா?" என்றார். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பது என் அம்மாவின் வாயிலும் வருகிற பழமொழிதான். மூன்று மாதம் அட்டை வெட்டிய எனக்குத்தான் அது தோன்றவில்லை.

அன்றிலிருந்து காசு கிடையாது, நோட்டு மட்டும். ஆளுக்கு ஒரு 40 பக்க நோட்டு. இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று, கீழே கையிருப்பு. பெரும்பாலானோர் மேலே பிள்ளையார் சுழி போட்டார்கள். ஒருவன் சிலுவை போட்டான், ஒருத்தி 786. வெள்ளிக்கிழமை பக்கத்துப் பிள்ளையின் நோட்டை வாங்கிச் சரிபார்த்துக் கையெழுத்து. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த மூன்று வருடத்தில் உருப்படியாக வேலை செய்த ஒரே பொருள் இந்த நோட்டுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். 31-ஐ 13 என்று மாற்றி எழுதியவனுக்கு 18 காசு எங்கே போனது என்று தேட ஒரு காரணம் கிடைத்தது. எல்லார் கணக்கையும் சேர்த்து எழுதும் என் பேரேட்டிலேயே நான் ஒரு வாடகையை இரண்டு தடவை பிடித்திருந்ததை ஒருத்தி கண்டுபிடித்தாள். கழித்தல் கணக்கில் பின்தங்கியிருந்த ஒருவன், "கடன் வாங்கிக் கழித்தல்னு சொல்றீங்க, பக்கத்து எண்ணுக்கு வட்டி தர வேணாமா டீச்சர்?" என்று கேட்டான். இதற்கு இன்னும் எனக்குப் பதில் தெரியாது.

வட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டாம் வருடம் கடனை அனுமதித்தேன். இடைவேளையில் ஒரு பையன் தனியாகக் கடையே போட்டுவிட்டான்: இந்த வாரம் 5 வாங்கினால் அடுத்த வாரம் 6. வாரத்துக்கு இருபது சதவீதம்! ஏழு பேர் அவனிடம் மாட்டினார்கள். அவர்கள் யாருக்கும் அது அநியாயமாகவே படவில்லை. "எங்க அம்மாவும் செவ்வாய்க்கிழமை குழுவுக்கு டியூ கட்டும்" என்றாள் ஒருத்தி, சாதாரணமாக. கடன் இரண்டு பேர் நோட்டிலும் ஏற வேண்டும், பத்துக்கு மாதம் ஒரு காசுக்கு மேல் வட்டி கூடாது என்று விதி போட்டேன். "கட்டுப்படியாகாது டீச்சர்" என்று கடையை மூடிவிட்டான்.

இனி எனக்கு உறுத்துகிற பகுதி. காசு வருவதற்கு முன் தண்ணீர்க் குடம் நிரப்பப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். சம்பளம் வந்த இரண்டாவது மாதம், குடத்துக்காரன் லீவு. மதியம் வரை குடம் காலி. கேட்டால், "அது அவன் வேலை டீச்சர்." 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் செய்த ஆய்வை அப்புறம்தான் படித்தேன். வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளிடம், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு சும்மா விட்டபோது அந்தப் பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். என் குடம் அதே கதை. மூன்றாம் வருடம் குடம், பெருக்குவது, மார்க் வாங்குவது எல்லாவற்றையும் சம்பளத்திலிருந்து எடுத்துவிட்டேன். நூலகப் பதிவு, ஏலக் கணக்கு மாதிரி வேலைக்கு மட்டும்தான் கூலி. அதையும் மாதாமாதம் சுழற்சியில் எல்லாருக்கும் கொடுக்கிறேன். குடத்துக்குப் பழைய போட்டி முழுசாகத் திரும்பவில்லை.

அபராதத்தையும் எடுத்தாயிற்று. தாமதமாக வந்தால் 2 காசு என்று வைத்திருந்தேன். வாரத்தில் மூன்று நாள் அபராதம் கட்டியவள், அம்மா நூறு நாள் வேலைக்குக் கிளம்பியபின் தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிறவள் என்று தெரிந்தபோது எனக்கே வெட்கமாகப் போயிற்று. பிடித்ததையெல்லாம் அவள் வரவில் திருப்பி எழுதினேன்.

செலவு: வருடத்துக்கு நோட்டும் ஏலப் பொருளும் சேர்த்து ஆயிரத்துக்குள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன், பேரேடு எழுத வராது. நாலும் ஐந்தும் சரியான வயது.

ஐந்து முடிக்கும்போது பத்து வயது ஆகிவிடும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லிவிட்டது. அதை நம்பி இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கிளைக்குப் போனேன். "அப்பாவை வரச் சொல்லுங்க" என்றார்கள். 1937-இல் ஐ.ஓ.பி. என்ற இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய சிதம்பரம் செட்டியார் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தவர் என்று வழியெல்லாம் பெருமையாகக் கதை சொல்லிக்கொண்டு போயிருந்தேன். திரும்பும் பஸ்ஸில் ஒருத்தி நோட்டை எடுத்து, பற்றுப் பக்கத்தில் "பஸ்" என்று எழுதிவிட்டு, "டிக்கெட் நீங்கதானே எடுத்தீங்க டீச்சர், இதை யார் பேர்ல எழுதணும்?" என்று கேட்டாள்.