ஃபோல்ட்ஸ்கோப் – செல் பாடம் எடுக்குறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

ஹைஸ்கூல் பசங்களுக்கும் காலேஜ் ஃபர்ஸ்ட் இயருக்கும் செல் பயாலஜி எடுக்குறேன், போர்டுல படம் போட்டே நடத்துனா செல்லுன்னா தட்டையான ஒரு வட்டம்னு மனசுல பதிஞ்சிடுது, அதுக்காகத்தான் இந்த காகித மைக்ரோஸ்கோப்ப வாங்குனேன். ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில மனு பிரகாஷ் டீம் உருவாக்குனது, மடிச்சு குட்டி லென்ஸ் வெச்சா 140 மடங்கு பெருசா தெரியும்.

சிவப்பு வெங்காயத்தோட ஊதா தோல உரிச்சு வெச்சு ஓரத்துல ஒரு சொட்டு உப்புத்தண்ணி விடுங்க. கொஞ்ச நேரத்துல அந்த ஊதா கலர் அப்படியே சுருங்கி செல் சுவர விட்டு விலகி நடுவுல ஒதுங்கும். "மிஸ், சுவர் அப்படியேதான இருக்கு, அப்போ சுருங்குனது எது?"ன்னு ஒரு பொண்ணு கேட்டா, சுருங்குனது சுவருக்கு உள்பக்கம் இருக்குற மெல்லிய செல் சவ்வும் அதுக்குள்ள இருக்குறதும்தான், சவ்வுன்னா என்னன்னு அன்னிக்குத்தான் கிளாசுக்கே புரிஞ்சுது! நல்ல தண்ணி விட்டா திரும்ப விரியும், ஆஸ்மோசிஸ், அதாவது சவ்வு வழியா உப்பு அதிகமா இருக்குற பக்கம் தண்ணி போறது, முழுசா அங்கயே முடிஞ்சிடும்.

செல்லுக்கு சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியாவ எதிர்பார்க்காதீங்க, அதோட அகலமே 1 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) பக்கம்தான், இது பிரிச்சுக் காட்டுறது 2 மைக்ரான் வரைக்கும். ஃபோகஸ் பண்ண கை பழகணும், ஒரு பீரியட் அதுக்குன்னே விட்டுடுங்க. காந்தத்தால போன்ல ஒட்டி வீடியோ எடுக்கலாம், அது ரொம்ப பிடிச்சுது. ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு கொடுங்க.