அந்தமானா, இலங்கையா? காடும் கடலும் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

சென்னையில் விமானம் ஏறினால் கொழும்பு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். போர்ட் பிளேர் இரண்டு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். (2024 முதல் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) விளம்பரப் படங்களில் தென்னை, வெள்ளை மணல், நீலக் கடல் என்று இரண்டு இடமும் ஒன்றாகவே தெரியும். கடற்கரையில் ஓய்வெடுக்கப் போகிறவருக்கு எங்கே போனாலும் சரிதான். ஆனால் இயற்கையையும் உயிரினங்களையும் பார்க்கப் போகிறவர், இங்கே கிடைப்பது அங்கே கிடைக்காது என்று தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும்.

காரணம் பல ஆயிரம் ஆண்டு பழையது. பாக் நீரிணை மிகவும் ஆழம் குறைந்த கடல். பல இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர்தான். பனியுகத்தில் கடல்மட்டம் 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்தபோது இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலமாக இருந்தன. யானை, சிறுத்தை, கரடி, மான் எல்லாம் நடந்தே போய்ச் சேர்ந்தன. அந்தமானை ஆழமான கால்வாய்கள் பிரித்து வைத்திருந்ததால், பெரிய விலங்குகள் தாமாக அங்கே போய்ச் சேரவில்லை. இன்று அங்கே திரியும் புள்ளிமான்கள் ஆங்கிலேயர் கொண்டுபோய் விட்டவற்றின் வழிவந்தவை. யானைகளும் மரம் இழுக்கக் கப்பலில் போனவையே. எனவே ஜீப்பில் ஏறிக் காட்டுவிலங்கு பார்க்கும் ஆசையோடு அந்தமான் போகாதீர்கள். அந்தமானின் செல்வம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

முதலில் இலங்கை. புலியோ சிங்கமோ இல்லாத அந்தத் தீவில் சிறுத்தைதான் காட்டின் தலைமை வேட்டைவிலங்கு. அதற்குப் போட்டியாகப் பெரிய விலங்கு எதுவும் இல்லாததால் பகலிலும் ஓரளவு வெளியே வந்து நடமாடும். நம் முதுமலையிலோ ஆனைமலையிலோ பல வருடம் சுற்றியும் சிறுத்தையைப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். இலங்கையின் யால தேசியப் பூங்காவில், அதன் முதல் பிரிவில், ஒரே காலையில் பார்த்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகழே யாலவுக்குத் தொல்லையும் ஆகிவிட்டது. ஒரு சிறுத்தை கண்ணில் பட்டால் செய்தி பரவி, நாலா பக்கமிருந்தும் ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து மொய்க்கும். இதைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால் வில்பத்துவைத்தான் சொல்வேன். புத்தளத்துக்கு வடக்கே, வில்லு என்று அழைக்கப்படும் இயற்கை நீர்நிலைகள் நிறைந்த பெரிய காடு அது. சிறுத்தை தென்படும் வாய்ப்பு யாலவைவிடக் குறைவுதான், ஆனால் தென்பட்டால் அந்த இடத்தில் நீங்களும் அதுவும் மட்டும் இருக்க வாய்ப்பு உண்டு. ஜூன், ஜூலையில் பாலைப்பழம் பழுக்கும்போது போனால் கரடி மரமேறித் தின்பதையும் பார்க்கலாம்.

யானைக்கு உடவளவை தேசியப் பூங்கா போதும். வருடம் முழுக்க, அரை நாளில், கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட எளிதான இடம் இல்லை. மின்னேரியா வேறு வகை. 3ஆம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டிய குளம் அது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வறட்சியில் நீர் வற்ற வற்ற, குளத்தடியில் புதுப்புல் முளைக்கும். அந்தப் புல்லுக்காகச் சுற்றுவட்டாரத்து யானைகள் நூற்றுக்கணக்கில் வந்து கூடும். குளத்தில் தண்ணீரை அதிகம் தேக்கிவிட்ட வருடம் புல் தரை வெளிப்படாது, யானைகளும் பக்கத்துக் கவுடுல்லைக்குப் போய்விடும். எனவே அந்த வாரம் யானைகள் எங்கே நிற்கின்றன என்று உள்ளூர் ஓட்டுநரிடம் கேட்டுவிட்டு நுழைவுச்சீட்டு வாங்குங்கள்.

சிங்கராஜ மழைக்காடு 1988 முதல் உலகப் பாரம்பரியக் களம். அங்கே பறவைகள் பல இனமாகக் கலந்து ஒரே அணியாக இரை தேடிப் போகும். அந்த அணி வரும்வரை காடு வெறுமையாகத் தெரியும், வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது. தீவுக்கே உரிய பறவையினங்கள் முப்பதுக்கு மேல் உண்டு, அவற்றில் பலவற்றை இங்கே காணலாம். அட்டைக் கடிக்கு அஞ்சுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் விடிகாலையிலேயே நடக்கத் தொடங்க வேண்டும், காலை ஏற ஏற மேகம் மூடி ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பாறை விளிம்பிலிருந்து ஒன்றும் தெரியாது.

கடலிலும் இலங்கை சளைத்ததில்லை, ஆனால் அங்கே கடலை மேலிருந்து பார்க்க வேண்டும். தென்முனையில் கரையிலிருந்து சற்றுத் தொலைவிலேயே கடல் சட்டென்று ஆழமாவதால், நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிசையில் படகேறி நீலத் திமிங்கிலத்தைப் பார்க்கலாம். உலகிலேயே பெரிய உயிரை இவ்வளவு எளிதாகப் பார்க்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. திமிங்கிலத்தைத் துரத்தாத, தள்ளியே நிற்கிற படகுக்காரராகப் பார்த்துப் போங்கள். பெரும் கப்பல் பாதையும் அதே கடலில்தான் போகிறது, திமிங்கிலங்களுக்கு ஏற்கனவே நிம்மதி குறைவு. மே முதல் ஆகஸ்ட் வரை திருகோணமலைப் பக்கம் பார்க்கலாம். கோணேசர் கோயில் நிற்கும் பாறையிலிருந்தே திமிங்கிலம் மூச்சு விடுவதைப் பார்த்தவர்கள் உண்டு.

இப்போது அந்தமான். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கத் தயார் என்றால், இலங்கை இதற்குப் பக்கத்தில் வர முடியாது. திருகோணமலை அருகே புறாத்தீவில் பவளமும் சிறு சுறாக்களும் உண்டுதான், ஆனால் கூட்டத்தாலும் மிதிபட்டும் நிறைய நொந்துபோன இடம் அது. அந்தமானின் ஹேவ்லாக் தீவில் நீச்சல் தெரியாதவரும் பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு சில மீட்டர் ஆழத்துக்கு இறங்கலாம். சான்றிதழ் பெற்றவர்களுக்கு டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற ஆழமான இடங்கள் உண்டு. ஒன்றை மறக்கக் கூடாது: மூழ்கிய பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. அதனால் ஹேவ்லாக்கைப் பயணத்தின் கடைசிக்கு வைக்காதீர்கள்.

மூழ்கப் பயம் என்றால் வண்டூரிலிருந்து ஜாலிபாய் தீவுக்குப் போகலாம். கண்ணாடி அடித்தளப் படகும் உண்டு, நெகிழிக்கு அனுமதி இல்லை. 2010இல் கடல் சூடேறி வெளுத்துப்போன பவளத்தில் ஒரு பகுதி இன்னும் தேறவில்லை. ஆகவே எல்லா இடத்திலும் வண்ணமயமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேலே மிதக்கிறவர்கள் பவளத்தின் மீது காலை ஊன்றாமல் இருந்தால் அதுவே பேருதவி.

கரையில் செய்ய இருப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, அலையாத்திக் காட்டுக்குள் கயாக்கில் துடுப்பு போட்டுப் போவது. நிலவில்லாத இரவில் துடுப்பு படும் இடமெல்லாம் தண்ணீர் ஒளிரும். உவர்நீர் முதலைகள் வாழும் ஓடைகள் அங்கே இருப்பதால், எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இறங்கவே கூடாது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகவும் வேண்டாம். பறவை பார்ப்பவர்களுக்குச் சிடியா டாப்பு நல்ல இடம்.

பாராடாங் சுண்ணாம்புக் குகைகளுக்குச் சாலை வழியாகப் போகச் சொல்வார்கள். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்பு நிலத்தை ஊடறுத்துப் போகிறது. வண்டியை நிறுத்துவதும் படமெடுப்பதும் உணவு கொடுப்பதும் குற்றம் என்று சட்டம் இருந்தும், அவர்களைப் பார்க்கத்தான் பலர் போகிறார்கள். மனிதர்களைக் காட்சிப்பொருளாக்கும் பயணம் இது. குகையைப் பார்க்காமல் வந்தால் ஒன்றும் குறையாது. விட்டுவிடுங்கள்.

அப்புறம் காலம். அந்தமானுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நல்லது. மே மூன்றாவது வாரத்தில் பருவமழை வந்துவிடும், கடல் கலங்கிப் படகுகள் ரத்தாகும். குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் வேலையெல்லாம் விடிகாலையில் தொடங்க வேண்டும். இலங்கைக்கு இரண்டு பருவமழை: தென்மேற்கில் பெய்யும்போது கிழக்கு காய்ந்திருக்கும், வடகிழக்கில் பெய்யும்போது பெரும்பாலும் தெற்கு திறந்திருக்கும். வருடத்தில் எந்த மாதம் விடுமுறை கிடைத்தாலும் அங்கே ஏதோ ஒரு பக்கம் பார்க்க உண்டு. யாலவின் முதல் பிரிவை மட்டும் பெரும்பாலும் செப்டம்பரில் மூடிவிடுவார்கள்.

இந்தியர்களுக்கு அந்தமானுக்குக் கடவுச்சீட்டு வேண்டாம், இலங்கைக்குக் கடவுச்சீட்டும் இணையவழிப் பயண அனுமதியும் தேவை. செலவில் அந்தமானில் படகும் மூழ்கலும், இலங்கையில் ஜீப்பும் பூங்கா நுழைவுச்சீட்டும்தான் பணத்தை வாங்கும்.

வயதான பெற்றோரும் குழந்தைகளும் கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், இலங்கைதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே யானையைப் பார்க்கலாம். இளவயதுக்காரர்கள், நாலைந்து நாள் தண்ணீரிலேயே கிடக்கத் தயாரானவர்கள், பிப்ரவரியில் அந்தமான் போகட்டும். தண்ணீரில் இறங்க மாட்டேன், படகிலிருந்து பார்த்தால் போதும் என்கிறவர் அந்தமானுக்குச் செலவழிக்கும் பணத்தை வில்பத்துவில் கூடுதலாக இரண்டு நாள் தங்கச் செலவழிக்கலாம்.