ஆர்ட்பெக் 10: ஐஸை மட்டும் தள்ளி வையுங்கள்

ஆர்ட்பெக் 10 என்ற ஸ்காட்ச் விஸ்கியில் ஐஸ் போட்டுக் குடிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்கு இவ்வளவு காசு கொடுத்திருக்க வேண்டாமே என்றுதான் வருத்தம். இந்த விஸ்கியில் பாதிக்கு மேல் மூக்குக்கானது. ஐஸ் விழுந்ததும் வாசனை அடங்கிப்போகும்; மிஞ்சுவது கரியும் கசப்பும்தான்.

என் பாட்டில் மலேசியாவின் லங்காவியில் வாங்கியது. 1987-லிருந்து வரியில்லாத் தீவு என்பதால், பினாங்குக்காரர்கள் கொஞ்சம் நல்ல சரக்கு வேண்டுமென்றால் அங்கே போகும் வரை பொறுத்திருப்பது வழக்கம். பாட்டில் அடர்பச்சை. உள்ளே இருப்பதோ வெளிறிய வைக்கோல் நிறம். கறுத்த விஸ்கிதான் கனமான விஸ்கி என்று நம்புகிறவர்கள் ஊற்றும்போதே உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும்.

தீபாவளிக்குப் பினாங்கில் என் ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்த மச்சான், நான் வேண்டாமென்று சொல்லச் சொல்ல நாலு ஐஸ் கட்டியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கிளாஸ் லேசாகக் கலங்கியது. "மச்சான், இது டூப்ளிகேட் லா!" என்று கீழே வைத்துவிட்டார். கள்ளச் சரக்குக்குப் பெயர் போன நாட்டில் அவர் பயந்ததில் தப்பில்லை. ஆனால் கலங்குவது இந்த விஸ்கியின் குணம். பல நிறுவனங்கள் விஸ்கியைக் குளிரவைத்து, அப்போது திரளும் கொழுப்புச் சத்துகளை வடிகட்டிவிடும். ஆர்ட்பெக் அப்படிச் செய்வதில்லை. 46 விழுக்காடு ஆல்கஹாலில் அவை கரைந்தே இருக்கும். குளிரும் தண்ணீரும் சேர்ந்தால் வெளியே தெரியும். வாயில் எண்ணெய்ப் பசை போல ஒட்டுகிற அந்தத் திடமும் அவற்றால்தான்.

அந்தப் புகை எங்கிருந்து வருகிறது? ஸ்காட்லாந்தின் ஐலா தீவில், முளைவிட்ட பார்லியை பீட் புகையில் உலர்த்துவார்கள். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கிய பாசியும் புல்லும்தான் பீட். சுமத்ராவில் பற்றிக்கொண்டு நம் தொண்டையை அரிக்கும் புகைமூட்டத்திலும் பீட் உண்டு. ஆனால் அது காட்டு மரங்கள் மக்கியது, வாசனையே வேறு. ஆர்ட்பெக்கின் பார்லியில், புகை வாசம் தரும் பீனால் 50 முதல் 55 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கும். விஸ்கிப் பிரியர்கள் இந்த எண்ணைப் பரீட்சை மார்க் மாதிரி ஒப்பிப்பார்கள். அது பார்லியின் அளவு, பாட்டிலின் அளவு இல்லை; வடிப்பதிலும் பீப்பாயில் கிடப்பதிலும் நிறையக் கழிந்துவிடும். போதாததற்கு, இரண்டாவது வடிகலனில் கனமான ஆவியைத் திருப்பி அனுப்பும் ஒரு குழாய் அமைப்பும் உண்டு. இத்தனை புகைக்கு நடுவே பழ இனிப்பு தலைகாட்டுவதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

1815-இல் தொடங்கிய வடிசாலை இது. 1981-இல் மூடி, பிறகு அரைகுறையாக ஓடி, 1997-இல் கிளென்மொராஞ்சி என்ற விஸ்கி நிறுவனம் வாங்கிய பிறகுதான் நிமிர்ந்தது.

சரி, எப்படிக் குடிப்பது? நம் வெயிலில் அறைச்சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கைக் குத்தும். மழை பெய்து ஓய்ந்த இரவு நல்லது, இல்லையென்றால் ஏர்கான். வாய் குறுகிய கிளாஸில் கொஞ்சமாக ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். முதலில் தார், அடுப்புக்கரி, டிஞ்சர் வாசம். அப்புறம் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஒரு டீஸ்பூன், அவ்வளவே. புகை ஒதுங்கி எலுமிச்சைத் தோல் மேலே வரும், பின்னாலேயே வெனிலா. நாக்கில் மிளகு, பாலும் சர்க்கரையும் போடாத கோப்பி ஓ. விழுங்கிய பிறகும் புகை தொண்டையில் வெகுநேரம் நிற்கும்.

தொட்டுக்கொள்ள மட்டன் பிரட்டல் வேண்டாம். காரம் ஏறிய நாக்குக்கு எந்த விஸ்கியும் வெறும் ஸ்பிரிட்தான். கச்சான் கடலை போட்டு வறுத்த நெத்திலி போதும், மிளகாய் இல்லாமல்.

பீட் விஸ்கியே குடித்திராதவர் இதில் இறங்க வேண்டாம். அதே தீவின் கல் ஈலா 12 புகையைக் கொஞ்சம் மெதுவாகக் காட்டும், 43 விழுக்காடுதான். அது பிடித்தால் இதற்கு வாருங்கள். மச்சானுக்கு நான் அதைக்கூட ஊற்றப் போவதில்லை. அவருக்கு பீர் இருக்கிறது.