ஜம்ப் சர்வர் போட்டுத் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்

நாங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறோம். நோயாளிகளின் முடிவுகள் எல்லாம் ஒரு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருக்கின்றன. ஆபீசுக்கு வெளியிலிருந்து அதைத் தொட முடியாது. கிளையிலிருந்தும் பார்க்க வேண்டும் என்றதும், எங்களிடம் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருந்த நிறுவனம் நடுவில் ஒரு ஜம்ப் சர்வர் (வெளியிலிருந்து வருபவர்கள் முதலில் நுழையும் இடைக் கணினி) வைத்து எஸ்எஸ்ஹெச் டனல் (மறையாக்கம் செய்த தனிப் பாதை) போட்டுத் தந்தது. முறை நல்ல முறைதான். அவர்கள் போட்ட விதம்தான் அயோக்கியத்தனம்.

கிளையில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு இன்னும் டனலுக்கான சாவியே (உள்ளே நுழையத் தேவையான ரகசியக் கோப்பு) கொடுக்கவில்லை. வீட்டிலிருந்து ஜம்ப் சர்வரின் முகவரியைப் போட்டுப் பார்த்திருக்கிறான், நேராக டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கேட்டது! சர்வரில் எந்த போர்ட் (இணைப்பு நுழையும் வாசல் எண்) திறந்திருக்கிறது என்று பார்த்தால், 0.0.0.0:3306. அதாவது மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான வாசல், எந்த நெட்வொர்க்கிலிருந்து வந்தாலும் ஏற்கும்படி. டனல் அவரவர் கணினியில் 127.0.0.1-இல், அதாவது அந்தக் கணினிக்குள் மட்டும் காது கொடுக்க வேண்டும், வழக்கமாக அப்படித்தான் இருக்கும். இவர்கள் ஜம்ப் சர்வரிலேயே டனலை ஓடவிட்டு, ஊர் உலகம் முழுக்கத் தட்டும்படி திறந்து வைத்திருந்தார்கள். அதற்கான சாவியும் பாஸ்வேர்டு இல்லாமல் அங்கேயே கிடந்தது.

இதைவிட மோசம், டனல் டேட்டாபேஸ் கணினிக்குள்ளேயே போய் முடிந்ததால், டேட்டாபேஸ் பதிவில் எல்லா வருகையும் லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினி) என்றே இருக்கிறது. யார் வந்தார், யார் போனார் என்று இனிமேல் கண்டுபிடிக்கவே முடியாது. உள்ளேயிருந்து மட்டும் நுழையலாம் என்று பூட்டியிருந்த, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கையும் வெளியாள் முயன்று பார்த்திருக்கலாம். 2017-இல் இப்படித் திறந்து கிடந்த மைஎஸ்க்யூஎல் சர்வர்களில் பாஸ்வேர்டை ஊகித்து நுழைந்து, டேட்டாவை அழித்துவிட்டு 0.2 பிட்காயின் கேட்டார்கள். எங்களிடம் இருப்பது மனிதர்களின் எச்ஐவி முடிவுகள். நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

கேட்டதற்கு, "வேலை செய்யுதில்ல சார், அப்புறம் என்ன?" என்றார்கள். சரிசெய்யத் தனிக் கட்டணம் வேறு கேட்டார்கள். வேலையை விட்டுப்போன அவர்களுடைய ஆட்களின் சாவிகளும் அனுமதிப் பட்டியலில் அப்படியே இருந்தன; அதையும் நாங்களே நீக்கினோம்.

இப்போது வேறொருவர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஆளுக்கொரு சாவி, டனல் அவரவர் லேப்டாப்பிலிருந்து, ஜம்ப் சர்வரில் எந்தச் சாவியும் கிடையாது. பர்மிட்ஓபன் என்ற எஸ்எஸ்ஹெச் கட்டுப்பாட்டைப் போட்டு டேட்டாபேஸின் அந்த ஒரு முகவரிக்கும் போர்ட்டுக்கும் மட்டுமே வழி விட்டிருக்கிறார்.

நீங்களும் இப்படி யாரிடமாவது வேலை கொடுத்திருந்தால், பில்லுக்குப் பணம் கொடுக்குமுன் மொபைல் டேட்டாவில் இணைந்து ஜம்ப் சர்வரின் 3306-ஐத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். திறந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.